அத்தையா, அலைபேசியா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிக்கிறதுல ஐயா ரொம்பக் கறார். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

'பதின்பருவப் பெண்களின் தன்னம்பிக்கையை அதிகம் குலைப்பது உறவுகளா, ஊடகங்களா?' ஊடகங்களேன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "கேமரா பாவம்யா, உள்ளதை உள்ளபடி காட்டுது. மூஞ்சி அப்படி இருந்தா அது என்ன பண்ணும்? 'குண்டாயிட்டியேடி'ன்னு சொல்றது அத்தைதானே!" நீங்களும் கை தட்டினீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அண்ணே, உள்ளதை உள்ளபடியா? போனை எடுங்க. வெட்கப்படாதீங்க. முகத்துக்கு ஒரு அடி தூரத்துல வெச்சு ஒரு செல்ஃபி. இப்ப போனை நடுவர் கையில கொடுங்க. அவர் 5 அடி தள்ளி நின்னு, முகம் அதே அளவு வர்ற மாதிரி ஜூம் பண்ணி இன்னொண்ணு எடுக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் படத்துல மூக்கு முன்னால வந்து சபாநாயகர் மாதிரி உட்கார்ந்திருக்கும், காது ரெண்டும் வெளிநடப்பு செஞ்சிருக்கும். ஏன்? மூக்கு லென்ஸுக்குக் கிட்ட, காது எட்ட. ஒரு அடியில அந்த சில அங்குல வித்தியாசம் பெரிசு, 5 அடியில அது கணக்குலயே வராது. 2018-ல் அமெரிக்காவுல ஒரு முகச்சீரமைப்பு மருத்துவரும் கணினி ஆய்வாளர்களும் கணக்குப் போட்டே காட்டினாங்க: ஒரு அடி செல்ஃபியில மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும். இது தெரியாம 14 வயசுப் புள்ள தன் மூக்கைப் பார்த்துக் கலங்குது. அப்புறம் ஃபில்டர். அது முகத்துல புள்ளி புள்ளியா அடையாளம் வெச்சு, மூக்கைக் கிள்ளி, தாடையை உள்ள இழுத்து, கண்ணை விரிச்சு, தோலை மழுமழுன்னு ஆக்கிடும். அதை எடுத்துட்டா சொந்த முகமே அந்நியம். இதுல அத்தை எங்கண்ணே வந்தா?

வர்றா. ஃபிஜித் தீவுல வர்றா. அந்த ஊர் அத்தைங்க நம்ம அத்தைகளுக்கே அக்கா! வழியில யார் போனாலும் "வா, சாப்பிடு"ன்னு கூப்பிடறது வழக்கம். நல்ல சதைப்பிடிப்பா இருந்தா, 'வீட்டுல நல்லாக் கவனிக்கிறாங்க'ன்னு பெருமை. பசி குறைஞ்சா அது நோய், மூலிகைச் சாறு கொடுத்துடுவாங்க. 1995-ல் அங்க நந்த்ரோங்கா மாகாணத்துக்கு டிவி வந்துச்சு. வந்த சில வாரத்துல ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளைக் கேட்டாங்க: "உடம்பைக் குறைக்க வாந்தி எடுக்கறீங்களா?" ஒருத்தர்கூட இல்ல. 1998-ல் மறுபடி போய்க் கேட்டா, 11.3 சதவீதம்! "நான் குண்டு"ன்னு நினைச்சதாச் சொன்னவங்க 74 சதவீதம்!

நினைச்சுப் பாருங்க. வெளிய அத்தை, "வாடி, கிழங்கு வெந்துடுச்சு." உள்ள டிவியில அமெரிக்கத் தொடர். "வேணாம் அத்தை, டயட்." அத்தை பதறிப்போய் சாறு பிழியறா. பிழிஞ்சுக்கிட்டே இருக்கா! நடுவர் ஐயா, அத்தை அதே அத்தை, கிழங்கு அதே கிழங்கு. புதுசா வந்தது அந்தப் பெட்டி ஒண்ணுதான். எங்கண்ணே உங்க வாதம்?

இன்ஸ்டாகிராமோட உள் ஆவணமே 2021-ல் வெளிய வந்துச்சு. பெண் பிள்ளைங்க மூணு பேர்ல ஒருத்திக்கு உடம்பைப் பத்தின வேதனையை நாமதான் கூட்டறோம்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. சிவப்பழகு கிரீம்? 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமோட பேர்லேர்ந்து 'ஃபேர்' போக 2020 ஆச்சு. பல வருஷமா அந்த விளம்பரத்துல கருப்பா இருந்தா வேலை கிடைக்காது, வரன் வராது. அதைப் பார்த்து வளர்ந்தவதான் ஐயா நம்ம அத்தை!

அத்தை 'கருவாச்சி'ன்னு வைவா. வைஞ்சுட்டு, சாயங்காலம் அவளே உட்கார வெச்சு எண்ணெய் தேய்ச்சுத் தலை வாரி, "எம் மருமக முடிக்கு ஊர்ல யாரு ஈடு?"ம்பா. போன் தலை வாருமா? குரூப் போட்டோ அன்னைக்கு வயித்துவலின்னு லீவு போடுற புள்ளை வீட்டுல இருக்கா. பொறந்தநாள் அன்னைக்கு அம்மா ஊட்டின கேக்கை வாயிலேயே ஒதுக்கி வெச்சு, குளியலறையில போய்த் துப்புறவ இருக்கா. அந்த அம்மாவுக்குத் தெரியாதுய்யா. புள்ள சாப்பிட்டுடுச்சுன்னு சந்தோஷமாப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கா.

அந்த அம்மாவையும் அத்தையையுமா குற்றவாளிக் கூண்டுல ஏத்தப் போறீங்க? மணி அடிச்சுட்டீங்க. தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க ஐயா, வணக்கம்.