சந்தேகங்களுக்கு விளக்கம்: குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கள் பக்கத்தில் எங்கே?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் தேங்காய் லாரி ஓட்டுகிறார். பதினைந்து வருடக் குடி. சபரிமலைக்கு மாலை போட்ட மூன்று தடவை மட்டும் நிறுத்தினாராம். இப்போது காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாவிட்டால் கை நடுங்குகிறது. "குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் எங்கள் பக்கத்தில் எங்கே நடக்கிறது? மகளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரியவும் கூடாது" என்கிறார்.

கூட்டமும் பக்கத்தில் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் தெரியக் கூடாது. சின்ன ஊரில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். ஆனால் நீங்கள் இருப்பது தமிழ்நாடு-கேரள எல்லையில், சகோதரி. இந்த எல்லையைக் குடிக்கிறவர்கள் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சிக்காரர் உங்கள் சித்தூர் தாலுகாவின் கள்ளுக்கடைக்கு வருகிறார். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடைக்கு விடுமுறை என்றால் நம் ஆட்கள் எல்லையோரக் கோபாலபுரம் தாண்டி டாஸ்மாக்குக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் வழி தெரிந்திருக்கும். அதே வழியில் கூட்டத்துக்கும் போகலாம். பாலக்காட்டில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் கோயம்புத்தூர்ப் பக்கம் போகட்டும். மொழியையும் யோசித்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் வியாபாரம் பேசுகிறவர் கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுகிறார்? அந்த மொழியில் நடக்கிற கூட்டம்தான் அவருக்கு ஒத்துவரும்.

கூட்டம் என்றால் என்ன என்று விளக்க, அவர் போட்ட மாலையே போதும். அந்த நாற்பத்தொரு நாள் அவரை எது நிறுத்தியது? பக்தி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே, "சாமி" என்று கூப்பிடுகிற பத்துப் பேரும், தடுமாறினால் அதட்ட ஒரு குருசாமியும் இருந்தார்கள். மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது, பழைய கூட்டம் வந்து சேர்ந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கலையாத கூட்டம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிநோயாளிகளான ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது. அங்கேயும் குருசாமி மாதிரி ஒருவர் உண்டு, ஸ்பான்சர் என்பார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கால் கடைப்பக்கம் இழுத்தால் அவருக்குப் போன் செய்யலாம். ஆயுள் முழுக்க விடுகிறேன் என்று சத்தியமெல்லாம் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள்.

கட்டணம் கிடையாது. செலவுக்காகச் சுற்றி வரும் உண்டியலில் விருப்பம் இருந்தால் போடலாம். முழுப்பெயர், ஜாதி, வேலை எதையும் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும். வரன் பற்றிய பயத்துக்கு இதுவே பதில். சர்ச் கூடத்தில் நடந்தால் மதம் மாற்றப் போகிறார்கள் என்று மாமியார் சொல்வார். இடம் கிடைப்பதால் அங்கே நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

எங்கே, எந்தக் கிழமை என்று நான் இங்கே சொல்லிவிடலாம். ஆனால் நேரமும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும், பழைய தகவலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுமுறை போக மாட்டார். அதனால் கேட்டுவிட்டுப் போங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்திக்கு 14405, மத்திய அரசின் போதை மீட்பு உதவிக்கு 14446. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழையே தேர்ந்தெடுத்துப் பேசலாம். கூட்டத்தாரிடம் "திறந்த கூட்டம் எப்போது?" என்று கேளுங்கள். அதில் குடும்பத்தாரும் உட்காரலாம்.

கை நடுக்கம் என்றீர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். குழம்பில் கலந்து கொடுக்கிற மாத்திரையை யாராவது சொன்னால் வாங்காதீர்கள். குடியை விடத் தருகிற டைசல்ஃபிராம் மாத்திரை என்பது நோயாளிக்குத் தெரிந்து, மருத்துவர் மேற்பார்வையில் தருகிற மருந்து. தெரியாமல் கொடுத்து, அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி விழலாம். அடித்துப் பூட்டிவைத்துத் திருத்துகிறோம் என்கிற விடுதிகளுக்கும் அனுப்பாதீர்கள்.

அவர் வர மறுத்தால்? நீங்கள் போங்கள். குடிக்கிறவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. பாட்டிலை ஒளிப்பது, முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதெல்லாம் உங்களை எவ்வளவு தின்றிருக்கிறது என்று அங்கே போய்ப் பேசத் தொடங்கினால்தான் தெரியும். மனைவி போய் ஆறு மாதம் கழித்து, "அப்படி என்னதான் பேசுகிறீர்கள்?" என்று பின்னாலேயே வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் தேதியன்று அவர் கோபாலபுரம் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்து, கடைக்குத்தான் போகிறார் என்று ஊர் நினைக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும், சகோதரி.