டீசல் வாடையும் கரிநெருப்பும்: ஒரு சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்; பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்று நாட்களாக இந்தக் கடிதம் என் மனத்தை விட்டு அகலவில்லை. முக்கியமான பகுதியை வாசிக்கிறேன்.

"லாஞ்சில் கடலுக்குப் போன என் அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடையாளம் காட்டியவள் நான்தான். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் டீசல் வாடை வந்தால் என் கை மரத்துப்போகிறது, மூச்சு அடைக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை. ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன். தடைக்காலத்தில் மட்டும் நன்றாகத் தூங்குகிறேன். மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, விசுவாசம் இருந்தால் மருத்துவர் எதற்கு என்று ஜெபக்குழுவில் சொல்லிவிட்டார்கள். என் விசுவாசம் பொய்யா ஐயா?"

பொய் இல்லை, சகோதரி. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது; எழுதும்போது நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, எஞ்சின் ஓடுவதில்லை, டீசல் வாடை குறைகிறது, உங்களுக்குத் தூக்கம் வருகிறது. ஜூன் 15ஆம் தேதி படகுகள் புறப்பட்டதும் தூக்கம் போய்விடுகிறது. ஒருவருடைய விசுவாசம் ஏப்ரலில் ஏறி ஜூனில் இறங்குமா? அரசு ஆணைக்கு ஏற்ப ஏறி இறங்குவது விசுவாசமாக இருக்க முடியாது. உங்கள் உடல் ஒரு வாடையை நினைவில் வைத்திருக்கிறது, நடந்தது அவ்வளவுதான். காயம் வேறு, அவிசுவாசம் வேறு. இந்த மேடையில் பலமுறை சொன்னதுதான். இன்றும் சொல்கிறேன், இனிமேலும் சொல்வேன்.

உடல் இப்படி நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் காண்பதும் கேட்பதும் மூளைக்குள் தலாமஸ் என்னும் ஓர் இடத்தைக் கடந்தே மற்றப் பகுதிகளுக்குச் செல்கின்றன. வாசனை மட்டும் அந்தச் சுற்றுவழியில் போகாமல், அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியை நேராகவே எட்டிவிடுகிறது. ஆகவே, 'இது இன்றைய வாடை, அன்றைய வாடை அல்ல' என்று அறிவு சொல்வதற்குள் கை மரத்துப்போய்விடுகிறது. இத்தகைய பாதிப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில் PTSD, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், என்று பெயரிட்டுத் தன் கையேட்டில் சேர்த்தது. பெயர் பின்னால் வந்தது; துன்பமோ வேதாகமத்துக் காலத்திலிருந்தே இருக்கிறது.

இப்போது இயேசுவின் சீடரும் மீனவருமான பேதுருவிடம் வருகிறேன். நம் வடசென்னைக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று அழைத்தார்கள். ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்று சொல்வார்கள். யோவான் சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்றுகொண்டுதான் பேதுரு ஆண்டவரை அறியேன் என்றார். 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் காத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசியவர்கள் கரைக்கு வந்து பார்த்தால், அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். 'அந்த்ராக்கியா' என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்தப் புகையின் வாடை பேதுருவை என்ன செய்திருக்கும் என்பது, சகோதரி, உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

ஆண்டவர் அந்த இடத்தில் செய்ததன் வரிசையைப் பாருங்கள். அந்த வாடையிலிருந்து பேதுருவை அவர் விலக்கி வைக்கவில்லை. அந்த வாடையின் நடுவே தாமே இருந்தார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்பதுதான் முதல் அழைப்பு. சாப்பிட்டு முடித்த பிறகுதான், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வி வருகிறது. ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த தீர்க்கதரிசி எலியாவைப் பற்றி நாம் முன்பு பேசியது நினைவிருக்கும்: அங்கேயும் தூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு முறை, நடுவில் தூக்கத்தோடு. போதனை வெகு நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வந்தது. உடலைக் கவனிப்பது விசுவாசத்துக்குக் குறைவு என்றால், இந்த இரண்டு இடங்களையும் என்ன செய்வது?

ஆகவே மருத்துவரிடம் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போங்கள் என்பதே. பவுல், "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று அன்போடு எழுதுகிறார். ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியன், காயப்பட்டுக் கிடந்தவனைப் பார்த்து ஜெபித்துவிட்டுப் போகவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரத்துக்குக் கொண்டுபோய், பராமரிப்புக்குப் பணமும் கொடுத்தான். உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால், டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேயப் போதகர் ஸ்பர்ஜனின் பிரசங்கங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். 1856 அக்டோபர் 19 அன்று, லண்டனில் ஓர் அரங்கத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ நெருப்பு என்று கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த நாளின் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் பொய் என்று உங்கள் ஜெபக்குழுவில் யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்குக் கொடுக்கிற மரியாதையை உங்களுக்கும் கொடுக்கட்டும்.

உண்மையில், இந்தக் கேள்வியைச் சகோதரி கேட்டிருக்கக் கூடாது. அந்த ஜெபக்குழு கேட்டிருக்க வேண்டும். 'எங்கள் நடுவில் இப்படி ஒருவர் இருக்கிறாரே, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்வி எனக்கு வந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன்! நம் வேதாகமத்தில் 'புலம்பல்' என்று ஒரு புத்தகமே இருக்கிறது. ஆனால் சாவு வீட்டில் ஒரு தாய் வாய்விட்டு அழுதால், 'புலம்பாதே அம்மா, நம்பிக்கையற்றவர்களைப் போல அழக்கூடாது' என்று அடக்கிவிடுகிறோம். இந்தத் தெருக்களில் நம் பாட்டிமார் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்த காலத்தில், துக்கம் யாருக்கும் தனியுடைமையாக இருக்கவில்லை.

அந்தப் புத்தகத்தின் அமைப்பு வியப்பானது. எபிரெய மொழிக்கு 22 எழுத்துகள். முதல் நான்கு அதிகாரங்களும், நம் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதைப் போல, அந்த எழுத்து வரிசையில் செல்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று வசனங்களாக 66 வசனங்கள். எருசலேம் எரிந்து சிதறிய பிறகு, சிதறிய துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருவர் வரிசைப்படுத்திச் சொல்கிறார். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்களே. ஆனால் வரிசை இல்லை. துக்கம் மறுபடியும் கலைந்துவிடுகிறது, அதையும் தேவன் வேதமாக ஏற்றுக்கொண்டார். இன்று மனநல ஆலோசகர்கள், துண்டு துண்டாகக் கிடக்கும் நினைவைப் பாதுகாப்பான ஒருவர் முன்னிலையில் சிறிது சிறிதாக, வரிசையாகச் சொல்லவைக்கிறார்கள். கேட்பவர் அவசரப்படாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

நான் அவசரப்பட்டவன். பல ஆண்டுகளுக்கு முன், மகனை இழந்த ஒரு தாயின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனத்தை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். நான் விடைபெறும்வரை வெளியே வரவே இல்லை. வசனம் உண்மைதான், அதை அந்த நேரத்தில் சொன்னது என் பிழை. யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததிலேயே சிறந்த காரியம் அந்த ஏழு நாள்தான்.

சகோதரி, உங்கள் கடிதத்தை ஜெபக்குழுவுக்குக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். காட்டினால், நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வரும் ஜூன் 14 இரவு உங்களில் இரண்டு பேர் இவர் வீட்டில் தங்குங்கள். சோறும் குழம்பும் நீங்களே கொண்டு போங்கள். விடியற்காலையில் லாஞ்சுகள் எஞ்சினைக் கிளப்பும்போது இவருக்குக் கை மரத்துப்போனால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அண்ணனைப் பற்றி இவர் பேசினால் கேளுங்கள்.