அக்கரையில் தெரியும் கோயில்: ஸ்டவர்ஹெட் தோட்டத்தில் ஒரு நடை

வணக்கம். இன்று இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஸ்டவர்ஹெட் தோட்டத்தில் இருக்கிறேன். மழை இப்போதுதான் விட்டது. கேமராவைத் திருப்புகிறேன், முதலில் இதைப் பாருங்கள். நடுவில் ஏரி. அக்கரையில், மரங்களுக்கு நடுவே, முன்னால் தூண்களும் மேலே குவிமாடமுமாக ஒரு கட்டடம் தெரிகிறதா? அதுதான் பாந்தியன், ரோமானியக் கோயில் பாணியில் கட்டியது. ஐந்து நிமிடத்தில் போய்விடலாம் போல இருக்கும். ஆனால் கரையோடு சுற்றித்தான் போக வேண்டும். போகும் வழியில் அது மறைந்துவிடும், அப்புறம் வேறொரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும். காட்டி, மறைத்து, ஏங்கவைத்து மறுபடி காட்டுவதுதான் இந்தத் தோட்டத்தின் சூட்சுமம். அதனால் அவசரப்படாமல் என்னோடு நடந்து வாருங்கள்.

மாளிகை மேட்டின் மேல் இருக்கிறது. ஹோர் குடும்பம் லண்டன் வங்கிக்காரர்கள். 1672-இல் தொடங்கிய அந்த வங்கி இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 1717-இல் இந்த எஸ்டேட்டை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது மாளிகை கட்டினார்கள். நல்ல மாளிகைதான், ஆனால் நான் வந்தது அதற்காக அல்ல. அங்கிருந்து பார்த்தால் இந்த ஏரி தெரியவே தெரியாது. பள்ளத்தாக்கில் இறங்கி வந்தால்தான் கண்ணில் படும். அந்த முதல் பார்வைக்காகவே இறங்கி வரலாம்.

இந்த ஏரி இயற்கையாக அமைந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. ஸ்டவர் ஆறு பிறக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர் இது. செய்தவர் இரண்டாம் ஹென்றி ஹோர். கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் இத்தாலிக்குப் போய், கிளோட் லோரேன், கஸ்பார் போன்றவர்களின் இயற்கைக் காட்சி ஓவியங்களை வாங்கி வந்து சுவரில் மாட்டினார்கள். ஹோர் அந்த மாதிரி ஓவியத்தை மண்ணிலும் தண்ணீரிலும் வரைந்துவிட்டார். இதோ, ஐந்து வளைவுகள் கொண்ட கல் பாலம், மேலே புல் போர்த்தியிருக்கிறது. 1762-இல் இதைக் கட்டும்போது, பாலமும் கிராமமும் சர்ச்சும் சேர்ந்து தெரியும் காட்சி கஸ்பார் ஓவியம் போல இருக்கும் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மரங்களைக்கூட ஓவியத்தில் நிழல் தீட்டுவது போல, கரும்பச்சை ஒரு திரள், இளம்பச்சை ஒரு திரள் என்று நடச் சொன்னார். இப்போது இலையுதிர் காலம், பீச் மரங்கள் செம்பு நிறத்தில் நிற்கின்றன.

சரி, நடப்போம். கோயில் சுற்றும்போது சன்னதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். இங்கே ஏரி இடக்கைப் பக்கம். இது ஃப்ளோராவின் கோயில், மலர்களின் ரோமானிய தெய்வம். 1740-களில் கட்டியது, தோட்டத்தின் பழைய கட்டடங்களில் ஒன்று. வாசல் மேல் லத்தீனில் ஒரு வரி: தகுதியற்றவர்களே, விலகிப் போங்கள் என்று பொருள். ரோமானியக் கவி வர்ஜிலின் காவியத்தில், அதன் நாயகன் ஈனியாஸ் பாதாளத்துக்கு இறங்கும் இடத்தில் வரும் வரி. அதை ஏன் இங்கே பொறித்தார் என்பதற்கு, கொஞ்ச தூரம் போனால் ஒரு விடை கிடைக்கும்.

ஈனியாஸ் பாதாளத்துக்கு இறங்கியது போலவே, பாதை இருண்டு கீழே இறங்குகிறது. இதுதான் ஹோர் கட்டிய குகை, 1748. இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். சுவரெல்லாம் சொரசொரப்பான கல், கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. மேலே கூரையில் வட்டமாக ஒரு திறப்பு, வெளிச்சம் அது வழியாகத்தான் விழுகிறது. ஒரு மாடத்தில் வெள்ளையாக ஒரு நீர்த்தேவதை, தலையைக் கைமேல் சாய்த்துத் தூங்குகிறாள். ஊற்றுநீர் அவளுக்குக் கீழே வழிந்து தொட்டியில் விழுகிறது. கேளுங்கள்... இந்தச் சத்தம்தான். காலடியில் ஆங்கிலக் கவி அலெக்ஸாண்டர் போப் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்த வரிகள்: என் தூக்கத்தைக் கலைக்காதே, மெல்ல நட, குடித்தாலும் குளித்தாலும் பேசாமல் செய் என்கிறாள் அவள். எதிரே கரடுமுரடான கல்லில் ஒரு ஜன்னல். ஏரி கிட்டத்தட்ட நம் கண்மட்டத்தில் இருக்கிறது! மேலே நின்று பார்த்த அதே தண்ணீர், இங்கிருந்து பார்த்தால் வேறு ஏரி.

இந்த இருட்டில் நிற்கும்போது எனக்கு ஹோரின் நினைவுதான் வருகிறது. 1743-இல் மனைவி சூசன் இறந்தார். 1751-இல், வாரிசாக இருந்த மகன் நேப்பிள்ஸில் இறந்தான். பாந்தியன் எழும்பியது அதற்கு அடுத்த சில ஆண்டுகளில். துக்கத்தால்தான் கட்டினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு இழப்புக்குப் பிறகும் இந்த மனிதர் மரம் நடுவதை நிறுத்தவில்லை. அது என்னை விடவே மாட்டேன் என்கிறது.

படியேறி வெளியே வந்தால் வெளிச்சம். இப்போது பாந்தியன் பக்கத்திலேயே. உள்ளே ரைஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ் நிற்கிறார். படியில் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள், நாம் கிளம்பிய இடம் அக்கரையில் சின்னதாகத் தெரிகிறது. பாலம், அதன் பின்னால் கிராமத்துச் சர்ச், பிரிஸ்டல் நகரத்திலிருந்து பெயர்த்து வந்து நட்ட பழைய கல் சிலுவைத் தூண்.

அணையைத் தாண்டி, மேட்டில் அப்போலோ கோயில் வரை ஏறிவிட்டேன். மூச்சு வாங்குகிறது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1902-இல் மாளிகையின் நடுப்பகுதி எரிந்துபோனது. அப்போது இங்கே இருந்த, அதே ஹோர் குடும்பத்து சர் ஹென்றியும் அவர் மனைவி ஆல்டா சீமாட்டியும் அதை மறுபடி எழுப்பினார்கள். அவர்களுடைய ஒரே மகன் ஹாரி 1917-இல், முதல் உலகப் போரில் பட்ட காயத்தால் அலெக்ஸாண்ட்ரியாவில் இறந்தான். 1946-இல் வீட்டையும் தோட்டத்தையும் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 25, இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். இன்று நாம் இங்கே நடப்பது அவர்கள் கொடுத்ததால்தான்.

வெளிச்சம் இறங்குகிறது. கேட் சாத்த இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் குகைக்கு இன்னொரு முறை போய்விட்டு வருகிறேன், கேமரா இல்லாமல்.