திறந்துவிட்ட வழியை மூடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். வலைப்பின்னல் பாதுகாப்பு என்று தலைப்பைக் கேட்டதும் வானொலியை அணைக்கக் கை போகும். சற்றுப் பொறுங்கள். மன்னார்குடியில் அரிசி ஆலை, கும்பகோணத்தில் பாத்திரக்கடை, திருவாரூரில் உரக்கடை, மயிலாடுதுறையில் ரத்தப் பரிசோதனைக் கூடம், எதை நடத்தினாலும் இது உங்கள் சமாசாரம்தான். ஜிஎஸ்டி இணையத்தில், வங்கி இணையத்தில். லாரி கிளம்ப, சரக்குக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில் வேண்டும். இணையம் படுத்துவிட்டால் மூட்டை ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும், ஓட்டுநர் டீக்கடைக்குப் போய்விடுவார்.

இந்த வட்டாரத்துக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வலைப்பின்னல் அமைத்துக் கொடுப்பது என் தொழில். போகிற இடமெல்லாம் நான் சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்குச் சலித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. வேலை சுலபமாக முடியட்டும் என்று யாருக்கோ ஒரு வழியைத் திறந்துவிடுகிறோம். வேலை முடிகிறது. வழியை மூட யாரும் வருவதில்லை.

ஓர் அரிசி ஆலை. ஊர்ப் பெயர் வேண்டாம். எடைமேடையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு பழைய கணினி. விசைப்பலகையில் தவிட்டுத் தூசி படிந்து எழுத்தே தெரியாது. உள்ளே ஓடுவது விண்டோஸ் 7. பொதுப் பயனாளர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பிறகு ஏன் மாற்றவில்லை? எடைமேடைக் கம்பியைச் செருகும் பழைய மாதிரித் துளை புதிய கணினியில் கிடையாது, எடைபோடும் மென்பொருளும் அதில் ஓடாது. நியாயமான காரணம். அதற்காக முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன்.

கோளாறு வேறிடத்தில். கும்பகோணத்தில் உட்கார்ந்தபடியே ஆடிட்டர் கணக்கைப் பார்க்கட்டும் என்று, மென்பொருள் விற்ற பையன் வந்து, இணையத்தை உள்ளே கொண்டுவரும் ரௌட்டர் பெட்டியில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதாவது தூரத்திலிருந்தே இந்தக் கணினியை இயக்குவதற்கு, வழி விட்டுப் போனான். கடவுச்சொல், ஆலையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது. ஆடிட்டர் மாறினார். பையன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டான். வழி மட்டும் அப்படியே கிடந்தது. இப்படித் திறந்து கிடக்கும் வாசல்களைத் தேட ஆள்கூடத் தேவையில்லை. அதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் இரவு பகலாக உலகம் முழுவதும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நியூயார்க்கும் ஒன்றுதான், நீடாமங்கலமும் ஒன்றுதான்.

குறுவை நெல் வந்து குவியும் நேரம். ஒரு நாள் காலை கணக்கர் கணினியைத் திறந்தால், கொள்முதல் கணக்கு முழுவதும் புரியாத பெயர்களோடு பூட்டிக் கிடக்கிறது. பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் ஆங்கிலத்தில் மிரட்டல். நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதே கணினியில் எப்போதும் செருகியே கிடந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தவை எடைச் சீட்டின் அடிக்கட்டைகள். லாரி எண், மொத்த எடை, காலி எடை, கையெழுத்து. கணக்கர் ஒவ்வொன்றாகப் புரட்டி மறுபடி பதிந்தார். விவசாயிகளுக்குப் பணம் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தது.

"தம்பி, தவிடும் உமியும் இருக்கிற இடத்துக்கு எவன் மெனக்கெட்டுத் தேடி வந்தான்?" என்று முதலாளி கேட்டார். தேடி வந்திருக்க மாட்டார்கள் ஐயா, திறந்திருந்தது, நுழைந்துவிட்டார்கள் என்றேன்.

பெரிய நிறுவனங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த கணக்கின் வழியாக. 2021 மே மாதம் அதே நாட்டில் இதே மாதிரிப் பூட்டுத் தாக்குதலால் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது. அங்கே வழிவிட்டது, பயன்பாட்டில் இல்லாத, ஆனால் யாரும் ரத்து செய்யாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதாவது வெளியிலிருந்து நிறுவனத்தின் வலைக்குள் நுழைவதற்கான கணக்கு. கைப்பேசிக்கு ஓ.டி.பி. வருவதுபோல இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அதற்கு இல்லை. பார்த்தீர்களா, மறுபடியும் அதே கதை.

கேமராவைச் சொல்லாமல் விட மாட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே கடையைப் பார்க்க வேண்டும். மாட்ட வந்தவர் வழியைத் திறக்கிறார், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே கிளம்பிவிடுகிறார். 2016இல் மிராய் என்ற தீநிரல் இத்தகைய கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வளைத்துப் பிடித்தது. அதன் கையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்தனுப்பும் கடவுச்சொற்கள் அறுபது சொச்சம், அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. உங்கள் கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமராவின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், 'மாட்டியவரிடம்' என்றுதான் பதில் வரும்.

சரி, செய்வது என்ன? கேமரா, பில் போடும் கணினி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை, இவற்றை ஒரே வலையில் கட்டாதீர்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மதகு வைத்திருக்கிறோம். வாய்க்கால் கரை உடைந்தால் முதலில் மதகை இறக்கிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தேடுகிறோம். இங்கேயும் அப்படியொரு தடுப்பு வேண்டும். 'விலான் பிரித்துக் கொடுங்கள்' என்றால் அமைப்பவருக்குப் புரியும். வெளியாளுக்கு வழி வேண்டுமா, கொடுங்கள். யாருக்கு, எந்தத் தேதி வரை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது அந்த நோட்டையும் புரட்டுங்கள்.

இணைப்பு ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கம்பங்கள் என்ன ஆயின என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஒன்று கம்பி என்றால் மற்றது சிம் கார்டு வழியாக இருக்கட்டும். அப்படிப்பட்ட புயலில் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும்தான். ஆனால் பொக்லைன் தோண்டிக் கம்பி அறுந்த சாதாரண நாளில் அது உதவும்.

நகல் எடுப்பதைப் பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். ஆகவே வேகமாகச் சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. நகல் எடுத்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். தாக்குதலில் மாட்டிக்கொண்டால் முதலில் வலைக் கம்பியைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே அழையுங்கள். தாக்குதலை, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த உத்தரவு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களின் கெடுவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எடைமேடைக் கணினியை என்ன செய்வது என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.