பயண ஆலோசகர் வேலை: எங்கே தொடங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியிலேயே விமான டிக்கெட் எடுத்துவிடலாம், அப்புறம் பயண ஆலோசகர் எதற்கு? இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களிடம் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் டிக்கெட் எடுப்பது இந்த வேலையில் சிறு பங்கு. அந்த டிக்கெட்டோடு போகிறவரை விமானத்தில் ஏற்றுவார்களா, நடுவில் திட்டம் மாறினால் எவ்வளவு பணம் போகும் என்பதையெல்லாம் அவர் பணம் கட்டும் முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலோசகருக்குக் கூலி அதற்குத்தான்.

முதலில் வருமானத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் தந்த கமிஷனிலேயே ஏஜென்சிகள் ஓடின. அமெரிக்காவில் 1995-இல் அதற்கு உச்சவரம்பு வந்தது. 2002-இல் பெரிய நிறுவனங்கள் அடிப்படைக் கமிஷனையே நிறுத்திவிட்டன. இன்று வருமானம் பெரும்பாலும் ஹோட்டல், சொகுசுக் கப்பல், சுற்றுலாத் தொகுப்பு ஆகியவற்றின் கமிஷனிலும், வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்கும் சேவைக் கட்டணத்திலும்தான். ஹோட்டல் கமிஷன் பெரும்பாலும் விருந்தினர் தங்கிவிட்டுப் போன பிறகே வரும். தை மாதம் பதிவு செய்த மார்கழிப் பயணத்துக்கு அடுத்த தையில்தான் காசு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தாங்கக் கையிருப்பு இல்லாமல் தனியாகக் கடை திறப்பவர்கள் திணறுகிறார்கள். சேவைக் கட்டணத்தையும், பயணம் ரத்தானால் அது திரும்பக் கிடைக்காது என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஏமாற்றியதாகவே நினைப்பார்கள்.

நுழைய மூன்று வழிகள் உண்டு. ஒரு ஏஜென்சியில் சம்பளத்துக்குச் சேரலாம். அங்கீகாரம் பெற்ற பெரிய ஏஜென்சியின் கீழ் கமிஷனைப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்யலாம். அல்லது ஐஏடிஏ எனும் சர்வதேச விமான நிறுவனங்கள் சங்கத்தின் அங்கீகாரத்துக்குச் சொந்தமாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு நிதி நிலையை நிரூபிக்க வேண்டும், வங்கி உத்தரவாதமும் கேட்கக்கூடும். புதியவர்களுக்கு என் யோசனை முதல் வழிதான். உங்கள் தவறை டிக்கெட் அச்சாகும் முன் பிடிக்க அங்கே ஒரு மூத்தவர் இருப்பார். அமேடியஸ், சேபர், கலிலியோ போன்ற முன்பதிவு அமைப்புகளில் ஏதாவது ஒன்றைக் கை பழகும் அளவுக்குக் கற்றால் போதும். மற்றவற்றில் கட்டளைகள் மாறும், சிந்தனை மாறாது.

இனி, பிழைகள் எங்கே பிறக்கின்றன என்று பார்ப்போம். பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதவே கூடாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி, புகைப்படப் பக்கத்தின் அடியில் ஒவ்வொன்றும் 44 எழுத்திடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருக்குமே, அவற்றைப் பார்த்துப் பெயரைப் பதியுங்கள். அப்போதே காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் 6 மாதச் செல்லுபடி கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். விமான நிலைய கவுன்டரில் இதையெல்லாம் சரிபார்க்கப் பரவலாகப் பயன்படுவது டைமாடிக் என்ற தரவுத்தளம். அதை நீங்கள் முந்திக்கொண்டு பார்த்துவிட்டால் கவுன்டரில் சண்டை வராது.

மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை இணைப்பது இன்னொரு பொறி. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டியிருந்தால், வழியிலுள்ள அந்த நாட்டின் விசாவும் தேவைப்படலாம். போகும் பகுதியைப் பயன்படுத்தாமல் திரும்பும் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. முதல் பகுதிக்கு வராவிட்டால் மீதி இருக்கைகள் பொதுவாக ரத்தாகிவிடும். கைக்குழந்தைக் கட்டணம் 2 வயது நிறையும் வரைதான். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். நள்ளிரவு 00:20 விமானத்தைப் பற்றித் தனியாகவே ஒரு உரை நிகழ்த்தலாம்! 12-ஆம் தேதி 00:20 என்றால் 11-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள்.

டிக்கெட்டில் வரும் மூன்றெழுத்து ஊர்க் குறியீடுகளையும் கவனியுங்கள். எஸ்ஜேஓ என்பது கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே, எஸ்ஜேசி என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. ஓர் எழுத்து, வேறு நாடு.

கட்டண விதியைத் தவறாகப் படித்து டிக்கெட் கொடுத்தால், விமான நிறுவனம் பின்னர் தணிக்கை செய்து வித்தியாசத் தொகையை ஏஜென்சியிடமே கேட்கும். ஏடிஎம் (ADM), அதாவது ஏஜென்சி டெபிட் மெமோ என்று இதற்குப் பெயர். நமக்குத் தெரிந்த ஏடிஎம் பணம் தரும், இது பிடுங்கும். அதனால் விதிகளில் அபராதப் பகுதியை முழுதாகப் படியுங்கள். "மாற்றலாம்" என்று ஒரு வரி பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். புறப்படும் முன் மாற்ற ஒரு தொகை, புறப்பட்ட பின் வேறு தொகை, வராமலே போனால் இன்னொன்று என்று கீழே நீளும்.

காலையில் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது, முன்பதிவு அமைப்பில் செய்திகள் வந்து சேரும் கியூ. விமான நேரம் மாறிய செய்திகள் அங்கேதான் வந்து விழும். இருபது நிமிட மாற்றம் சின்னதாகத் தெரியும். ஆனால் இணைப்பு விமானத்துக்குக் குறைந்தபட்ச இடைவெளி அதில் போய்விட்டதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போயிருந்தால், அன்றைக்கே மாற்று விமானம் கேளுங்கள். இருக்கைகள் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள்.

வணக்கம்.