பசியில்லா நாட்கள்

அவையோருக்கு வணக்கம்.

பிரெஞ்சில் ‘பசி’ என்ற சொல்லுக்கும் ‘முடிவு’ என்ற சொல்லுக்கும் எழுத்துதான் வேறு, ஒலி ஒன்று. இரண்டுமே ‘ஃபேன்’. 2001இல் வெளிவந்த ஒரு முதல் நாவலின் பெயர் ‘ஜூர் சான் ஃபேன்’. கண்ணால் படித்தால் பசியில்லா நாட்கள். காதால் கேட்டால் முடிவில்லா நாட்கள். இதைத் தமிழில் கொண்டுவர நானும் பல நாள் முயன்றேன், கைகூடவில்லை.

கதாநாயகி லோருக்கு வயது 19. உயரம் 1.75 மீட்டர். எடை 36 கிலோ. அனோரெக்சியா என்ற இந்த நோயை நாம் ‘பசியின்மை’ என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பசி வராமல் போகும் நோயா இது? வருகிற பசியை வேளாவேளைக்கு அடக்கி, அதையே வெற்றியாக எண்ண வைக்கும் நோய் அல்லவா! உடம்பில் கொழுப்பு கரைந்துபோனதும் குளிர் புகுந்துவிடுகிறது. எத்தனை கம்பளி போர்த்தினாலும் போகாத குளிர். வாழ்வா சாவா, இப்போதே முடிவு செய் என்று அந்தக் குளிர்தான் லோரிடம் கேட்கிறது. நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது இது. பிறகு மருத்துவமனை, மூக்கு வழியே வயிற்றுக்குள் இறங்கும் குழாய், அதில் செல்லும் திரவ உணவு. ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் அவளுக்கு ஆறுதலாக இல்லை, அச்சமாக இருக்கிறது.

எழுதியவர் தெல்ஃபின் த விகான். 1966இல் பிறந்தவர். லோரின் வயதில் இதே நோயோடு மருத்துவமனையில் கிடந்தவர். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து, பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்றிருந்த காலத்தில் இந்த நாவல் வந்தது. ஆனாலும் ‘நான்’ என்று எழுதவில்லை, ‘அவள்’ என்றே எழுதினார். அட்டையிலும் தன் பெயரைப் போடவில்லை. லூ தெல்விக் என்று போட்டார். உற்றுப் பாருங்கள்: தெல்ஃபினின் ‘தெல்’, விகானின் ‘விக்’. குடும்பத்தை எண்ணி முகத்தை மூடிக்கொண்டவர், விரலிடுக்கில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த இரண்டு சொற்கள் அந்தப் பெயர்தான்.

அவருடைய தாய்க்கு மனநோய் இருந்தது. 2008இல் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2011இல் தாயைப் பற்றிய நூல் வந்தது. இம்முறை அட்டையில் சொந்தப் பெயர், உள்ளே ‘நான்’. முதல் நாவலைப் படித்த தாய், அழகாக இருக்கிறது, ஆனால் நியாயமாக இல்லை என்று வருந்தியதையும் மகள் அதில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.