திமிர் இல்லை, களைப்பு

வணக்கம். தலையில் அடிபட்டு, கோயம்புத்தூரில் சிகிச்சை முடித்து, மலையேறி வீடு திரும்பிய 15 வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கிறான், பேசுகிறான். "நல்லாயிட்டான்" என்கிறது அக்கம்பக்கம். சில மாதங்களில் வீட்டுக்குள் சண்டை தொடங்குகிறது: "அடிபட்டதைச் சாக்கா வெச்சு நடிக்கிறான், திமிரு!"

சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்கு 2021 முதல் தமிழக அரசின் திட்டம் இருக்கிறது. அதன்பின் வரும் மாதங்களைக் குடும்பம்தான் தாங்குகிறது. பையனோடு குடும்பத்துக்கும் ஆலோசனை என்ற சிகிச்சை வேண்டும் என்பது அதனால்தான்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைதான் கோபத்தை அடக்குகிறது, வேலையைத் தொடங்க வைக்கிறது. தலைக்காயத்தில் பெரும்பாலும் அடிபடுவது அந்தப் பகுதிதான். அது முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகும். அங்கே அடிபட்ட பிள்ளைக்கு ஒரு வேலையைத் தொடங்க வராது. பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும்.

ஆலோசனைக்கு அப்பா, அம்மா, பாட்டி, தங்கை எல்லாரும் வர வேண்டும். முதலில் ஒரே ஒரு பிரச்சினையை எடுப்போம். "பையன் மாறிட்டான்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சாயங்காலம் தங்கச்சியை அடிக்கிறான்" என்றால் செய்யலாம். எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறியுங்கள். பல வீடுகளில் விடை அதிலேயே இருக்கும்: நாள் முழுக்கப் பள்ளி, வளைவு வளைவாகப் பஸ் பயணம், வந்ததும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு ஒற்றை அறையில் சத்தமாக டிவி. களைத்த மூளை வெடிக்கிறது.

பிறகு ஆளுக்கொரு யோசனை. முதலில் பையன் சொல்லட்டும். யாரும் குறுக்கே மறுக்கக் கூடாது. ஐந்தாறு சேர்ந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு, வந்ததும் அரை மணி நேரம் கம்பளியோடு படுக்கை, டிவி இல்லை, கேள்வி இல்லை, அப்புறம் டீ. ஞாபகம் நழுவும் என்பதால் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஏழு நாள் கழித்து, தோட்டத்துக்கு லீவான ஞாயிறன்று, எல்லாரும் உட்கார்ந்து, பலன் கிடைத்ததா என்று பாருங்கள்.

திட்டம் உடைவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். மூன்றாம் நாள் விருந்தாளி வருவார், "இன்னைக்கு மட்டும்" என்று டிவி ஓடும். இல்லையென்றால் மூன்று திட்டங்களை ஒன்றாகத் தொடங்குவார்கள். பாட்டி "பாவம் புள்ள" என்று ஊட்டிவிடுவார். அவன் தானே செய்யப் பழகும் வாய்ப்பு போய்விடும்.

"விறகு எடுத்துட்டு வந்து, அடுப்பு பத்த வெச்சு, தண்ணி வை" என்றால் மூன்று வேலை. ஒன்றைச் சொல்லி, பத்து நொடி காத்திருங்கள். அடி வாங்கிய தங்கைக்கும் தினமும் 15 நிமிடம் அம்மா தனியாகக் கிடைக்கட்டும். அவளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

தலைவலி கூடினால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகணும் என்று பேசினால் தனியே விடாதீர்கள். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.